சிங்காரம் நாவலை வைத்துப் பினாங்கைச் சுற்ற முடியுமா?

பெட்டியடி:
பினாங்கு போகிறவர்கள் ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ இரண்டையும் வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாமா என்பது கேள்வி. தாராளமாக. நம்ம செட்டிநாட்டு ஆட்கள் கொண்டுவிற்க, அதாவது வட்டித் தொழில் செய்யக் கடல் கடந்து போன சீமையைச் சிங்கம்புணரிக்காரரான சிங்காரம் எழுதியிருக்கிறார். சுற்றுலாக் கையேடு கோட்டையையும் சுவரோவியத்தையும் காட்டும், வட்டிக்கடையைக் காட்டாது. படிக்கும்போதே தெருப்பெயர்களைப் பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் இன்றைய பெயரை எழுதிவிடுங்கள். பழைய பீச் ஸ்ட்ரீட் இப்போது லெபோ பந்தாய், மார்க்கெட் ஸ்ட்ரீட் லெபோ பசார், பிட் ஸ்ட்ரீட் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். பத்து இடம் தேறினால் ஒரு காலைப் பொழுதுக்குப் போதும்.

வளவுத்திண்ணை:
அண்ணே, பெயரைப் பொருத்தினால் தெரு கிடைக்கும், நாவல் கிடைக்காது. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்ட ஊர் அது. அதில் தப்பிய கடைவீடுகளில் தலைமுறையாகக் குறைந்த வாடகைக்கு இருந்தவர்கள், 2000 பிறந்ததும் வாடகைக் கட்டுப்பாடு போனதால் கிளம்பினார்கள். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு அதே வீடுகளில் தங்கும் விடுதி, காப்பிக்கடை. ‘புயலிலே ஒரு தோணி’ தொடங்குவதே இந்தோனேசியாவின் மெடானில். அங்கே டச்சுக்காரன் வைத்த ‘ஸ்ட்ராட்’ (தெரு) பெயரெல்லாம் மாறிவிட்டது. பென்சிலை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ஆத்தங்குடிக்கல்:
ரெண்டு பேரும் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆள் தொலையாமல் இருக்கணும். லெபோ பினாங் வேறு, ஜாலான் பினாங் வேறு. முன்னது பினாங் ஸ்ட்ரீட், பின்னது பினாங் ரோடு, மேற்கே நன்றாகத் தள்ளி. வாடகைக்காரில் ‘பினாங்’ என்று மட்டும் சொன்னால் தப்பான இடத்தில் இறங்குவீர்கள். நகரத்தார் கோயில் வீடு, தைப்பூச ரதம் கிளம்பும் இடம், இருப்பது பினாங் ஸ்ட்ரீட்டில். லைட் ஸ்ட்ரீட் முனையில் தொடங்கித் தெற்கே சூலியா ஸ்ட்ரீட் வரை நடந்தால் தெரு முடிந்தது. மேற்கே ரெண்டு தெரு தாண்டினால் குயின் ஸ்ட்ரீட்டில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில்.

இன்னொன்று, கிட்டங்கி. சரக்குக் கிடங்கு என்று நினைத்துத் துறைமுகப் பக்கம் தேடாதீர்கள். அன்றைய வட்டிக்கடைப் பேச்சில் கிட்டங்கி என்றால் நீளக் கூடம். ஒவ்வொரு மார்க்காவுக்கும், அதாவது வட்டிக்கடைக்கும், தரையில் ஒரு பெட்டி, ஒரு சாய்வுமேசை, ஒரு பாய். மேலாள் (கடைப் பொறுப்பாளர்), அடுத்தாள் (அவருக்கு அடுத்தவர்), பையன் எல்லாருக்கும் பகலில் கடை, ராத்திரி படுக்கை அதே இடம். மூன்று வருஷக் கணக்கு முடிந்தால்தான் ஊர். உள்ளே நீளும் கடைவீட்டைப் பார்க்கும்போது இந்த அளவு மனசில் இருக்கணும்.

பெட்டியடி:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! வளவு, ஜப்பான்காரன் ஆண்டபோது அடித்துவிட்ட நோட்டையே எடுத்துக்கொள். அருங்காட்சியகத்தில் வாழைமரம் போட்ட நோட்டு கண்ணாடிக்குள் இருக்கும். பேரேட்டில் அது என்ன செய்தது? பணம் மதிப்பு இறங்க இறங்க, கடன்காரன் தானாக வந்து பழைய மலாயா டாலர் கடனை அந்தத் தாளால் அடைத்தான். வாங்கி வரவு வைத்தவனுக்குத்தான் நஷ்டம். 1945 ஆகஸ்டில் அதுவும் வெறும் தாள். இது தெரிந்து அந்தத் தெருவில் நிற்பது வேறு, தெரியாமல் நிற்பது வேறு.

வளவுத்திண்ணை:
அது சரித்திரம் தெரிந்ததால் வருவது அண்ணே, தெருவால் இல்லை. காரைக்குடியில் உட்கார்ந்தே புரியும். ‘தோணி’யின் நாயகன் பாண்டியன் கடல் கடந்த ஊரில் இருந்துகொண்டு நினைப்பது மதுரைத் தெருக்களைத்தான். அந்தப் பக்கங்களோடு மாசி வீதியில் நடங்கள், டிக்கெட் பஸ் காசோடு போகும்.

ஆத்தங்குடிக்கல்:
மதுரையும் போகட்டும். பினாங்கு போகிறவர்கள் ‘கடலுக்கு அப்பா’லை முதலில் முடியுங்கள், சின்னப் புத்தகம். நடக்கும்போது அஞ்சடியிலேயே போங்கள். கடை முன்னால் ஐந்தடி அகலத்தில் கூரை போட்ட நடை, மலாயில் காக்கி லீமா. சில இடத்தில் மோட்டார் சைக்கிளும் சரக்குப் பெட்டியும் மறிக்கும், வெயிலில் இறங்கி ஏறணும். தைப்பூசத்துக்கு முந்தின நாள் என்றால் விடியும் முன்னே கோயில் வீட்டு வாசலுக்குப் போய்விடுங்கள். வெள்ளி ரதம் அங்கிருந்துதான் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கிளம்பும். அன்றைக்கு அந்தத் தெருவில் கார் போகாது, நாவலையும் விரிக்க முடியாது.