மேலே ஐஸ் கட்டுகிறது, கீழே மாவு புளிக்கிறது: ஃப்ரிட்ஜை நாமே கழற்றலாமா?

தெப்பக்குளம்:
வணக்கம். வீட்டில் 9 வருடமாக ஓடும் டபுள் டோர் ஃப்ரிட்ஜ், 250 லிட்டர் சொச்சம், ஐஸ் தானாகக் கரையும் வகை. பத்து நாளாக ஒரு தொல்லை. மேலே ஃப்ரீசரில் தண்ணீர் உறைகிறது, கீழே குளிர்ச்சியே இல்லை. ராத்திரி அரைத்து வைத்த மாவு காலையில் பொங்கி மூடியைத் தள்ளுகிறது. ஃப்ரீசரின் பின்பக்கத் தட்டில் பனி படர்ந்திருக்கிறது. கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது.

ஒரு மெக்கானிக் வந்தார். பின்னால் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "கேஸ் போயிடுச்சு சார், 4,500 ஆகும்" என்றார். ஐந்து நிமிடம்கூட இருக்கவில்லை, ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஃபேன் கெப்பாசிட்டர், மிக்ஸி கார்பன் பிரஷ் எல்லாம் நானே மாற்றுவேன். மல்டிமீட்டர் இருக்கிறது. ஃப்ரிட்ஜில் கை வைக்கலாமா?

வயர்மேன் மகன்:
தாராளமாக வைக்கலாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கேஸ் போன மாதிரி தெரியவில்லை. கேஸ் குறைந்தால் ஃப்ரீசரும் சேர்ந்துதான் மந்தமாகும். உங்களுக்கு மேலே உறைகிறது, கீழே மட்டும் காற்று வரவில்லை. அந்தப் பின்தட்டுக்குப் பின்னால் குளிரூட்டும் குழாய்ச் சுருள், அதாவது 'காயில்' இருக்கிறது. அதன் மேல் படியும் பனியைக் கரைக்க அடியில் ஒரு ஹீட்டர். கம்ப்ரசர் ஏறக்குறைய 8 மணி நேரம் ஓடியதும், டைமர் அதை நிறுத்தி 20 நிமிடம்போல ஹீட்டருக்குக் கரண்ட் கொடுக்கும். அந்த வரிசையில் டைமர், சூட்டைப் பொறுத்துத் தொடர்பைச் சேர்த்துப் பிரிக்கும் பைமெட்டல், சூடு மீறினால் அறுந்துகொள்ளும் தெர்மல் ஃப்யூஸ், ஹீட்டர் என்று நான்கு பொருள். ஒன்று செத்தாலும் பனி கரையாது, காயில் முழுக்க அடைத்துக்கொள்ளும், ஃபேன் தள்ளும் காற்று கீழே இறங்காது.

காசில்லாமல் சோதிக்க ஒரு வழி உண்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டு கதவையும் திறந்து ஒரு நாள் முழுக்க விடுங்கள். அடியில் பழைய துண்டு போடுங்கள். மறுநாள் ஓட்டுங்கள். கீழே நன்றாகக் குளிர்ந்து, நாலைந்து நாளில் மறுபடி படுத்துவிட்டால் கோளாறு பனி கரைக்கும் இந்த டிஃப்ராஸ்ட் வரிசையில்தான். போன கேஸ் ஐஸைக் கரைத்ததால் திரும்பி வராது.

ஈரோடு ஃப்ரிட்ஜ் மெக்கானிக்:
22 வருடமாக இந்த வேலை செய்கிறேன். காயிலைத் திறந்து பார்க்காமல் கேஸ் என்று சொன்னவர் செய்தது தப்பு. மேலே தம்பி சொன்ன சோதனையும் சரி. ஆனால் "தாராளமாகக் கை வைக்கலாம்" என்பதை நான் ஏற்க மாட்டேன்.

மாதத்துக்கு இரண்டு வீடாவது இப்படி வரும்: திருகாணி எல்லாம் ஒரு பாலித்தீன் பையில், வயர் எது எங்கே போனது என்று தெரியாது, பின்தட்டு உடைந்திருக்கும். அதைச் சேர்த்து வைக்கவே எனக்கு அரை நாள். கோளாறைக் கண்டுபிடிப்பது அதற்கப்புறம். உங்களுக்கு மிச்சம் 600 ரூபாய், எனக்கு ஒரு நாள் பிழைப்பு. இதில் யாருக்கு லாபம்?

இன்னொன்று. பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். ஆர்-600ஏ என்று இருந்தால் உள்ளே ஓடுவது ஐசோபியூட்டேன், சமையல் கேஸின் உறவு. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட வேண்டாம், பற்றிக்கொள்ளும். ஃப்ரிட்ஜுக்குள் இருப்பது 50 கிராம் அளவுதான், ஆனாலும் மூடிய சமையலறையில் அது சின்ன விஷயம் இல்லை.

மாடித்தோட்டம்:
அண்ணன் சொல்வதில் பாதி என் வீட்டில் நடந்தது. சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ், ஃப்ரீசரில் பால் பாக்கெட் ஒட்டிக்கொண்டது. அவசரத்தில் கத்தி முனையால் நெம்பினேன். 'உஸ்' என்று சத்தம். அவ்வளவுதான். அந்த ஃப்ரீசர் பெட்டியே இரண்டு அலுமினியத் தகடுகளை ஒட்டி நடுவில் கேஸ் ஓடும்படி செய்தது என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். ஜன்னலைத் திறந்துவிட்டு, எந்த சுவிட்சையும் தொடாமல் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போனேன். ஃப்ரீசர் மாற்றிக் கேஸ் அடித்ததில் கை நிறையச் செலவு.

ஆனாலும் நான் தொடலாம் என்ற கட்சிதான். அதே ஃப்ரிட்ஜில் இரண்டு வருடம் கழித்து கம்ப்ரசர் 'ம்ம்ம்' என்று முனகி 'டக்' என்று நிற்கும், சில நிமிடம் கழித்து மறுபடி முனகல். கம்ப்ரசரே போச்சு, மாற்ற வேண்டும் என்றார்கள். பிளக்கைப் பிடுங்கி, கம்ப்ரசர் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, அதைக் கிளப்பிவிடும் ரிலேயை உருவினேன். காதருகே வைத்து ஆட்டினால் கலகலவென்று சத்தம். உள்ளே இருக்கும் வில்லை உடைந்திருந்தது. பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய் அதே மாதிரி கேட்டு வாங்கினேன், ஓவர்லோடும் சேர்த்து 280 ரூபாய். இன்றைக்கும் ஓடுகிறது. 280 ரூபாய் வேலைக்கு ஒரு கம்ப்ரசரைக் குப்பைக்கு அனுப்பியிருப்பேன்.

கதவு ரப்பரும் நானே மாற்றினேன். வெந்நீரில் போட்டு எடுத்தால் மடிப்பு நேராகும். பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள், தடையில்லாமல் வந்தால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம்.

போரூர்வாசி:
நான் முழுக்க எதிர்ப்பு. என் பெரியப்பா மகன் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இதே கோளாறு, இதே மாதிரி நான்கு பொருள். யாரோ சொன்னார்கள் என்று தெர்மல் ஃப்யூஸை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு வயரையும் முறுக்கி டேப் சுற்றிவிட்டான். பனி கரைந்தது, ஃப்ரிட்ஜ் குளிர்ந்தது, அவனுக்குப் பெரிய சந்தோஷம். ஆறு மாதம் கழித்து ஒரு மதியம் ஃப்ரீசருக்குள் பிளாஸ்டிக் உருகி வீடெல்லாம் புகை. அண்ணி வீட்டில் இருந்ததால் மெயினை அணைத்தார். யாரும் இல்லாத நேரமாக இருந்திருந்தால்?

2017 ஜூன் 14, லண்டன் கிரென்ஃபெல் கட்டடத் தீயில் 72 பேர் இறந்தார்கள். தீ தொடங்கியது நான்காவது மாடியில் ஒரு சமையலறை ஃப்ரிட்ஜில் என்று விசாரணை ஆணையம் சொன்னது. கம்ப்ரசர் ரிலே பெட்டிக்குள் சரியாக இறுகாத ஒரு கம்பி இணைப்பை நிபுணர் ஒருவர் சுட்டிக்காட்டினார். தயாரிப்பாளர் தரப்பு அதை ஏற்கவில்லை, அது வேறு. ஆனால் ஒரு இணைப்பு தளர்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நாம் வீட்டில் கைக்குறட்டால் நசுக்கும் இணைப்பு அதைவிடவா உறுதி?

வயர்மேன் மகன்:
போரூர்வாசி சார், உங்கள் அண்ணன் வீட்டில் நடந்தது எனக்கும் பதறுகிறது. ஆனால் அது பாகம் மாற்றியதால் வந்த வினை இல்லை, மாற்றாமல் ஏமாற்றியதால் வந்தது. 72 டிகிரியில் தன்னையே அறுத்துக்கொள்ள வைத்த ஃப்யூஸை எடுத்துவிட்டால் காவல் நாயைத் துரத்திவிட்ட மாதிரி. அதை எந்தக் காலத்திலும் செய்யக் கூடாது. இதே வேலையைக் காசு வாங்கிக்கொண்டு செய்யும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். ஃப்யூஸ் ஸ்டாக் இல்லை, டைரக்டாகப் போட்டுவிட்டேன் என்று என்னிடமே ஒருவர் சொன்னார்.

கிரென்ஃபெல் ஃப்ரிட்ஜை யாரும் வீட்டில் பிரித்ததாக நான் படிக்கவில்லை. அத்தனை உயிர் போனதற்குக் கட்டடத்தின் வெளியே ஒட்டிய எரியும் தகடுகள் முக்கியக் காரணம்.

என் கணக்கு இதுதான்: திருகாணியும் கனெக்டரும் பிடித்திருப்பதை நாம் மாற்றலாம். செம்புக் குழாய், அலுமினியக் குழாய், கேஸ் ஓடும் எதையும் தொடக் கூடாது.

ஈரோடு ஃப்ரிட்ஜ் மெக்கானிக்:
டைரக்ட் போடும் ஆட்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள், மறைக்கவில்லை. எனக்கும் அது வெட்கம்.

ஆனால் தம்பி, நீ கிழித்த கோடு அவ்வளவு நேர் இல்லை. ஹீட்டர் திருகாணியில்தான் நிற்கிறது. பல மாடலில் அதை உருவ காயிலை முன்னால் இழுக்க வேண்டும். அலுமினியக் குழாய் இரண்டு தடவை மடங்கினால் விரிசல், கேஸ் காலி. கம்ப்ரசர் வேகத்தை எலக்ட்ரானிக் போர்டு கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் மாடல் என்றால் அந்த போர்டும் கனெக்டரில்தான் நிற்கிறது. அதிலிருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட் டிசி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். தெரியாமல் விரல் பட்டால்? கம்ப்ரசருக்கு 10 வருட வாரண்டி எழுதிய கம்பெனிகள் பல உண்டு, கார்டைப் படிக்காமல் போர்டைப் பிரித்து அதை இழந்தவர்களும் உண்டு.

வயர்மேன் மகன்:
சரி அண்ணா, ஹீட்டரும் இன்வெர்ட்டர் போர்டும் என் கோட்டுக்கு வெளியே. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருப்பதும் ஒரு காரணம். 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ரிப்பேர் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கியது, வீட்டு உபயோகப் பொருட்களும் அதில் ஒரு பிரிவு. எந்த மாடலுக்கு எந்த ஃப்யூஸ், எந்த பைமெட்டல் என்று எல்லாக் கம்பெனியும் பளிச்சென்று போட்டால் ஊகத்தில் வாங்குவது நிற்கும்.

தெப்பக்குளம்:
எல்லோருக்கும் நன்றி. ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தேன், மூன்று துண்டு பிழிந்தேன். ஓட்டியதும் கீழே ஜில்லென்று ஆனது. சரியாக ஆறாவது நாள் மறுபடி மாவு பொங்கிவிட்டது. பிளக்கைப் பிடுங்கிப் பின்தட்டைக் கழற்றினேன். ஒவ்வொரு படியிலும் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டேன். காயில் முழுக்க வெள்ளைச் செங்கல் மாதிரி ஐஸ். இன்வெர்ட்டர் மாடல் இல்லை, பழைய டைமர்தான்.

ஐஸ் கரைந்த பிறகு அளந்தேன். ஹீட்டர் 345 ஓம். தெர்மல் ஃப்யூஸில் தொடர்பே இல்லை, போய்விட்டது. பைமெட்டலில் மீட்டர் 'பீப்' அடிக்கிறது, அது நல்லா இருக்கிறது. ஃப்யூஸ் மட்டும் நாளை வாங்கப் போகிறேன், 80 ரூபாயில் முடியும் போல.

வயர்மேன் மகன்:
345 ஓம் என்றால் 230 வோல்டில் 150 வாட் சொச்சம், ஹீட்டர் சரி. வாழ்த்துகள், கண்டுபிடித்துவிட்டீர்கள்!

ஈரோடு ஃப்ரிட்ஜ் மெக்கானிக்:
நில்லுங்கள், ஃப்யூஸ் மட்டும் வாங்காதீர்கள். அளந்தபோது பைமெட்டல் எந்தச் சூட்டில் இருந்தது? ஐஸ் கரைந்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதானே?

பைமெட்டல் குளிரில் சேர வேண்டும், சூட்டில் பிரிய வேண்டும். மதுரை வெயிலில் அது 'பீப்' அடித்தால் அதுதான் கெட்டது. ஒட்டிக்கொண்டுவிட்டது. ஐஸ் கரைந்த பிறகும் ஹீட்டரை அணைக்காமல் விட்டிருக்கும், சூடு ஏறி ஃப்யூஸ் தன் உயிரைக் கொடுத்து உங்கள் ஃப்ரிட்ஜைக் காப்பாற்றியது. ஃப்யூஸை மட்டும் மாற்றினால் சில நாளில் புது ஃப்யூஸும் போகும். போரூர்வாசி சொன்ன மாதிரி டைரக்ட் போட்டிருந்தால் இந்த பைமெட்டலோடு சேர்ந்து என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள்.

இரண்டும் ஒரே செட்டாகக் கிடைக்கும். பழையதை எடுத்துப் போங்கள். புது பைமெட்டலைப் பொருத்துமுன் பிளாஸ்டிக் பையில் சுற்றி, உப்புப் போட்ட ஐஸில் கொஞ்ச நேரம் வைத்து அளங்கள். அப்போதுதான் 'பீப்' வர வேண்டும், வெளியே எடுத்துச் சூடானதும் நிற்க வேண்டும். இணைப்புக்கு டேப் வேண்டாம், அங்கே எப்போதும் ஈரம். நசுக்கும் ஸ்லீவ் போட்டு அதன் மேல் சுருங்கும் டியூப். ஹீட்டர் வயருக்கும் காயில் உலோகத்துக்கும் இடையே அளந்தீர்களா? அங்கே தொடர்பு காட்டினால் ஹீட்டர் கசிகிறது, பாகத்தை மாற்றாமல் ஓட்டக் கூடாது. கரண்ட் கசிந்தால் தானே அணைந்துகொள்ளும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வீட்டில் இருக்கிறதா?

வயர்மேன் மகன்:
அண்ணா, நான் இதைக் கவனிக்காமல் வாழ்த்துச் சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையது. மீட்டரில் 'பீப்' வந்தால் நல்லது என்று கை பழகிவிட்டது.

போரூர்வாசி:
இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன். இந்த அண்ணன் இன்றைக்கு இங்கே வராமல் இருந்திருந்தால்?

தெப்பக்குளம்:
இன்றோடு 19 நாள் ஆகிறது. செட் 340 ரூபாய், ஸ்லீவும் டியூபும் 60. முதல் கடையில் கொடுத்த பைமெட்டல் உப்பு ஐஸில் வைத்தும் சேரவில்லை, திருப்பிக் கொடுத்து வேறு கடையில் வாங்கினேன். அளக்காமல் பொருத்தியிருந்தால் எல்லாவற்றையும் இரண்டாம் தடவை பிரித்திருப்பேன். ஹீட்டருக்கும் காயிலுக்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லை. ஆர்சிசிபி இருக்கிறது, டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்தேன், விழுந்தது.

எல்லாம் மூடிய பிறகு காயில் நன்றாகக் குளிரும் வரை ஓட்டிவிட்டு, டைமரை ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் திருப்பினேன். 'டக்' என்று கம்ப்ரசர் நின்றது. கால் மணி நேரத்தில் பின்னால் தட்டில் தண்ணீர் சொட்டும் சத்தம். என் மனைவியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். மாவு மூன்று நாள் தாங்குகிறது.

ஈரோடு அண்ணா, உங்கள் ஒரு பதிலுக்கு விசிட்டிங் சார்ஜ் கொடுக்க வேண்டும். எப்படி என்று சொல்லுங்கள்.

ஈரோடு ஃப்ரிட்ஜ் மெக்கானிக்:
பணம் வேண்டாம். அடுத்த தடவை மெக்கானிக் வரும்போது மீட்டரை எடுத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். காட்டுபவருக்குப் பேரம் பேசாமல் கொடுங்கள், அது போதும்.

போரூர்வாசி:
நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். என் கருத்து மாறவில்லை, என் வீட்டு ஃப்ரிட்ஜை நான் பிரிக்க மாட்டேன். ஒன்று கேட்கிறேன்: அந்த பைமெட்டல் பதிலை இந்த இழையின் தலையில் ஒட்டி வையுங்கள். பாதி படித்துவிட்டு ஃப்யூஸ் வாங்கக் கிளம்புகிறவர் கண்ணில் அது முதலில் படட்டும்.