சென்னை – யாழ்ப்பாணம்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? போய் வந்தவர்கள் சொல்கிறார்கள்

சென்னையிலிருந்து ஒருவர்

மீனம்பாக்கத்துக்கும் யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 360 கிலோமீட்டர்தான். மதுரை இதைவிடத் தொலைவு. இணையத்தில் தட்டிப் பார்த்தால் அரை மணி நேரம் என்றுகூடக் காட்டும். நம்பிவிடாதீர்கள், அது ஜெட் வேகத்தால் வகுத்துப் போட்ட கணக்கு. நான் போனது ஏடிஆர் 72. இறக்கையில் விசிறி சுழலும் சிறிய விமானம், மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர்தான் போகும். தரையில் ஊர்வதையும் ஏறி இறங்குவதையும் சேர்த்தால் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது.

இதில் வால் பக்கக் கதவு வழியாகத்தான் ஏற வேண்டும். பெட்டிகள் முன்னால், விமானி அறைக்குப் பின்னால் போய்விடும். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே பார்ப்பதற்குத் தடையில்லை. போகும்போது வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். வழி நெடுகக் கரை கூடவே வருகிறது. கோடியக்கரை முனையோடு அது மேற்கே திரும்பிவிடும். பிறகு சில நிமிடக் கடல், உடனே பனைமரங்கள்.

ஆனால் இது வெளிநாட்டுப் பயணம். மூன்று மணி நேரம் முன்பே வரச் சொல்கிறார்கள். குடியகல்வு வரிசையில் நின்ற நேரம்தான் எனக்குப் பறந்த நேரத்தைவிட நீளம். கடிகாரத்தைத் திருப்பும் வேலை மட்டும் இல்லை. 2006 முதல் அங்கேயும் நம் நேரம்தான்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவர்

அண்ணா, ஒன்றேகால் மணி நேரத்துக்கே அலுத்துக்கொள்கிறீர்களே! 2019 இறுதியில் பலாலிக்கு விமானம் வருவதற்கு முன் நாங்கள் ஊருக்குப் போன கதையைக் கேளுங்கள். சென்னையிலிருந்து கொழும்புக்கு 650 கிலோமீட்டர் பறக்க வேண்டும். வரைபடத்தில் கோடு போட்டுப் பாருங்கள், அது யாழ்ப்பாணத்தின் தலைக்கு மேலேயே போகிறது. வீட்டைத் தாண்டிக் கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவில் இறங்கி, வந்த திசையிலேயே கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் இரவு பஸ்ஸில் திரும்பி வருவோம். வவுனியா தாண்டும்போது அம்மா, "இவ்வளவு நேரத்துக்கு லண்டனுக்கே போயிருக்கலாம்" என்பார். பிறகு தொடங்கிய பலாலி விமானச் சேவையும் கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில்தான் மறுபடி வந்தது. அதனால் டிக்கெட் விலையைத் தவிர வேறு எதற்கும் நான் குறை சொல்வதில்லை.

திருச்சியிலிருந்து ஒருவர்

டெல்டாப் பக்கம் இருப்பவர்கள் சென்னைக்கு ஏன் போக வேண்டும்? 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கு விமானம் விட்டார்கள். நேர்கோட்டில் 185 கிலோமீட்டர், சென்னைத் தூரத்தில் பாதி. ஆனால் நேரம் பாதியாகவில்லை, அட்டவணையில் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் இருந்தது. ஏறி இறங்கும் நேரம் தூரத்தைப் பார்த்துக் குறைவதில்லையே.

நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துத் துறைமுகமான காங்கேசன்துறைக்குப் போகும் கப்பலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சுமார் 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். என் மைத்துனர் குடும்பத்தோடு அதில்தான் போனார். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் அதை நம்பிக் கல்யாணத்துக்குத் தேதி குறிக்காதீர்கள். 2023 அக்டோபரில் தொடங்கிய சில நாட்களிலேயே நிறுத்தி, அடுத்த ஆகஸ்டில்தான் மறுபடி விட்டார்கள். கிளம்பும் வாரத்தில் கப்பல் ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.