அப்பா இல்லாத நவம்பர்

அப்பா தவறியபின் வேலைக்குத் திரும்பிய நாட்களைப் பற்றிச் சிலர் எழுதியதும், அதைப் படித்த ஒருவரின் பதிலும்.

திருச்சியிலிருந்து:

வங்கியில் கவுன்ட்டர் வேலை எனக்கு. அப்பா ஐப்பசி முதல் வாரம் தவறினார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே கிளைக்குப் போய்விட்டேன். வீட்டில் இருந்தால் அவர் ஈஸிசேர்தான் கண்ணில் படும். ஆனால் அது நவம்பர் என்பதை மறந்துவிட்டேன். மத்திய அரசு பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதாக ரேகை வைத்து ஆயுள் சான்றிதழ் கொடுக்கிற மாதம். அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் பிட்டர். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் அவரோடு ஷிஃப்ட் பார்த்தவர்கள்.

ஒரு பெரியவருக்கு ரேகை விழவே இல்லை. இரும்பு பிடித்துத் தேய்ந்த கட்டைவிரல், அப்பாவுடையது மாதிரியே. "தலைமுடியில ஒரு தடவ தேய்ச்சிட்டு வைங்க மாமா" என்றேன். தேய்த்துக்கொண்டே, "அப்பா வந்துட்டுப் போயிட்டாராம்மா? போன வருஷம் ஒண்ணாதான் வந்தோம்" என்றார். "இந்த வருஷம் வரமாட்டார் மாமா." அவருக்குப் புரிந்துவிட்டது. விரலை மிஷினில் வைத்தபடி அப்படியே நின்றார். பின்னாலிருந்து யாரோ, "என்னம்மா, சர்வர் இல்லையா?" என்று கத்தினார். "ஆமா சார், சர்வர் இல்ல" என்று சொல்லிவிட்டு பாத்ரூமுக்குப் போய்விட்டேன்.

அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்கு அப்பாவின் பிபிஓ (ஓய்வூதிய ஆணை), இறப்புச் சான்றிதழ் எல்லாம் நானே கொண்டுபோனேன். இறந்த தேதியை அடிக்க மட்டும் கை வரவில்லை. பக்கத்து சீட் அக்கா ஒன்றும் கேட்காமல் ஃபைலை இழுத்துக்கொண்டார். இன்றுவரை அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

சென்னையிலிருந்து:

எனக்கு மொட்டைத் தலைதான் பிரச்சினை. காரியம் முடிந்து ஐடி ஆபீஸ் போன முதல் நாள், லிஃப்டில் எட்டு பேர் இருக்கும்போது ஒருவர், "பழனியா, திருப்பதியா?" என்றார். அந்த நெரிசலில் அப்பா செத்துப்போனதை எப்படிச் சொல்வது? "திருப்பதி" என்றேன். மதியத்துக்குள் மூன்று பேர் லட்டு கேட்டு சீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

சாயங்காலம் லட்டு வாங்க தி.நகர் திருப்பதி தேவஸ்தானத்துக்குப் போனேன். ஒரு வருஷம் கோயில் படி மிதிக்கக்கூடாது என்று பெரியம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் வெங்கட்நாராயணா சாலை ஓரத்தில் பைக்கில் உட்கார்ந்துகொண்டு நண்பனை உள்ளே அனுப்பி வாங்கினேன். மறுநாள் டீமில் எல்லோருக்கும் பிட்டுக் கொடுத்தேன். மேனேஜர் மட்டும் வாங்கிக்கொண்டு, "சொல்லியிருக்கலாமேப்பா" என்றார். அவருக்கு யார் சொன்னார்களோ.

மதுரையிலிருந்து:

அக்கா, "சர்வர் இல்லையா"ன்னு நானும் எத்தனையோ கவுன்ட்டர்ல கத்தியிருக்கேன். அதுல ஒண்ணு உங்களோடதா இருந்தா மன்னிச்சுக்கோங்க.