லினக்ஸில் கேம் ஆடியவர்களே, இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு நாளைச் சொல்லுங்கள்

காவிரிக்கரை77

விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டான் என்றால் என்ன, கேம் கடையான ஸ்டீமில் எதை டிக் செய்ய வேண்டும் என்பதெல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, டெஃபினிட்டிவ் எடிஷன். நாங்கள் நாலு பேர், ஹாஸ்டலில் ஒரே அறை. இப்போது ஒருவன் ஓசூர், ஒருவன் கோவை, ஒருவன் அபுதாபி, நான் திருச்சி. ஞாயிறு ராத்திரி ஒன்பதரைக்கு ஆட்டம் என்பது மூன்று வருடப் பழக்கம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்தது. என் மெஷினில் 11 ஏறாது. அதனால் லினக்ஸ் மின்ட் போட்டேன். கம்ப்யூட்டரோடு தனியாக நாலைந்து ஆட்டம் ஆடிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை.

அந்த ஞாயிறு திராவிடர்களை எடுத்தேன். 2022-ல் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியாவில் சேர்த்த அணி, ஆளைக் கிளிக் செய்தால் தமிழில் பதில் சொல்லும், அதற்காகவே எடுப்பேன். கடல் வரைபடம். ஐம்பது நிமிடம் ஆகியிருக்கும். பன்னிரண்டு திரிசடைக் கப்பல்களைச் சேர்த்து எதிரித் துறைமுகத்துப் பக்கம் திருப்பினேன். முதல் கப்பல் மூக்கைத் திருப்புகிறது, நடுத்திரையில் அந்தப் பெட்டி வந்து நின்றது: அவுட் ஆஃப் சிங்க், அதாவது மெஷின்களின் கணக்கு ஒத்துப்போகவில்லை. ஆட்டம் அவ்வளவுதான்.

வாய்ஸ் காலில் யாரும் பேசவில்லை. யார் வீட்டிலோ ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அபுதாபிக்காரன் கேட்டான்: "டேய், இது உன் லினக்ஸ்தானே?" கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. அவனுக்கு வாரத்தில் ஒரே நாள் லீவு. திரும்ப ஆரம்பித்தோம், இருபது நிமிடத்தில் அதே பெட்டி.

மறுநாளே காரணம் தெரிந்தது. யுசிஆர்டிபேஸ் டிஎல்எல், கேம் கணக்குப் போடப் பயன்படுத்தும் நூலகக் கோப்பு. விண்டோஸின் அசல் கோப்பை மாற்றி வைத்துவிட்டேன். ஆனால் சரியாகிவிட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தனியாக ஆடினால் இந்தக் கோளாறு வரவே வராது. இன்னொருவர் எதிரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கொடுத்தால்தான் தெரியும். அந்த ஒரு மணி நேரத்தை அவர்களிடம் மறுபடி கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஐந்து ஞாயிறு போய்விட்டது. மூன்று பேரும் ஆடுகிறார்கள், ஸ்டீமில் பெயர்கள் பச்சையாகத் தெரிகின்றன.

உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். எழுதுங்கள்.

நள்ளிரவுவண்டி

கலர் பட்டை. பார்த்தவர்களுக்குப் புரியும்.

நாற்பது மணி நேரம் ஆடி முடித்த கதை கேம். கடைசி எதிரியையும் வீழ்த்திவிட்டேன், முடிவுக் காட்சி வீடியோவாக வரவேண்டிய இடம். திரை முழுக்க வெள்ளை, மஞ்சள், பச்சை, சிவப்பு, நீலம் என்று செங்குத்தாகப் பட்டைகள். சத்தம் இல்லை. வீடியோவைச் சுருக்கி வைத்திருக்கும் கோடெக்கைப் பிரிக்க முடியாதபோது புரோட்டான் அதற்குப் பதிலாகக் காட்டுவது இதைத்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. உறைந்துவிட்டதோ என்று மவுஸை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

பின்னால் கட்டிலில் அப்பா படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, ஸ்டேஷன் இன்னும் திறக்கலையா?" என்றார். தூர்தர்ஷன் தொடங்கும் முன்பு இதே பட்டைகளின் முன்னால் ஊர்ப் பஞ்சாயத்து டிவியில் உட்கார்ந்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். அரை மணி நேரம் பேசினார். நான் திரும்பிப் பார்க்கும்போது பட்டைகள் போய்ப் பெயர்ப் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது.

ஆர்வலர்கள் திருத்தி வெளியிடும் புரோட்டான் ஜிஇ போட்டபின் வீடியோ வந்தது. ஆனால் அந்தக் கேமின் முடிவு என்றால் எனக்கு அந்தப் பட்டைகள்தான் கண்ணில் வருகின்றன.

பெங்குவின்_மாமா

தம்பி காவிரிக்கரை, உங்கள் நண்பர் சொன்னது தவறு, நீங்களும் அதை ஏற்றுக்கொண்டு ஐந்து வாரம் உட்கார்ந்திருப்பது அதைவிடத் தவறு. இந்தக் கேமில் கப்பல் எங்கே இருக்கிறது என்பதை ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றுக்கு அனுப்புவதில்லை. "இங்கே போ" என்ற கட்டளை மட்டும்தான் போகும். மீதிக் கணக்கை ஒவ்வொரு மெஷினும் தானே போட்டுக்கொள்ள வேண்டும். நாலு மெஷினிலும் விடை அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் மெஷினில் கணக்குப் போட்டது லினக்ஸ் இல்லை, புரோட்டானுக்கு அடிப்படையான வைன் தரும் கணித நூலகம். அதில் தசமத்தின் கடைசி இலக்கம் ஒன்று பிசகினால் போதும், அது பெருகிப் பெருகிக் கொஞ்ச நேரத்தில் இரண்டு மெஷினும் இரண்டு வேறு போர்களை நடத்திக்கொண்டிருக்கும். இது தெரிந்த விஷயம், தீர்வும் உள்ள விஷயம்.

என் அனுபவம் சிறியது. 2013 பிப்ரவரி 14, ஸ்டீம் லினக்ஸுக்கு முறையாக வந்த நாள். டீம் ஃபோர்ட்ரஸ் 2-ஐ லினக்ஸில் திறந்தவர்களுக்கு லினக்ஸின் சின்னமான டக்ஸ் பென்குயின் பொம்மை ஒன்று கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு போனேன். யாரோ ஒருவர், எந்த நாட்டுக்காரரோ, என் முன்னால் வந்து நின்று துப்பாக்கியைக் கீழே இறக்கினார். அவர் இடுப்பிலும் அதே பென்குயின். இரண்டு பேரும் சுடாமல் அப்படியே நின்றோம், மூன்றாவது ஆள் வந்து இருவரையும் சுடும் வரை. அவ்வளவுதான்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனியாகக் கோப்புகளை வைக்கும் காம்பட்டேட்டா கோப்புறையில் 813780 என்ற எண்தான் இந்த கேம். அதற்குள் பிஎஃப்எக்ஸ், டிரைவ் சி, விண்டோஸ், சிஸ்டம்32. டிஎல்எல் அங்கேதான் இருக்கிறதா, விண்டோஸின் அசல் 64 பிட் கோப்புதானா என்று அளவைப் பாருங்கள். புரோட்டான் பதிப்பு மாறும்போதெல்லாம் இதை மறுபடி சரிபாருங்கள், பழையது வந்து உட்கார்ந்திருக்கலாம்.

அப்புறம், மெமரி மேப் எண்ணிக்கையின் வரம்பை, அதாவது ஒரு கேம் நினைவகத்தில் எத்தனை துண்டுகளைப் பிடிக்கலாம் என்பதைப் பாருங்கள். லினக்ஸின் மையமான கெர்னலில் இயல்பாக 65530 இருக்கும், பெரிய கேம்கள் அதில் முட்டிக்கொண்டு செத்துவிடும். உபுண்டு 24.04 இதை 1048576 ஆக உயர்த்திவிட்டது, பழைய பதிப்பில் இருப்பவர்கள் தாங்களே உயர்த்திக்கொள்ள வேண்டும். கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிக்கும் நாளில் கேம் ஆடத் திட்டமிடாதீர்கள். பழைய கெர்னல் ஒன்றை எப்போதும் விட்டுவையுங்கள், கருப்புத் திரை வந்தால், கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் அதுதான் கைகொடுக்கும். டெர்மினல் எதையாவது நீக்கப்போகிறேன் என்று நீளமாகப் பட்டியல் காட்டினால் முழுதும் படியுங்கள். படிக்காமல் ஒப்புதல் வாக்கியத்தைத் தட்டி, டெஸ்க்டாப்பையே இழந்தவர்கள் உண்டு. பழுது வந்தால் முதலில் புரோட்டான் எழுதிவைக்கும் லாகை (பதிவுக் கோப்பை) எடுங்கள். லாக் இல்லாமல் "ஓடவில்லை" என்று கேட்பவருக்கு யாரும் உதவ முடியாது. இவ்வளவும் ஒழுங்காகச் செய்தால் லினக்ஸில் எதுவும் தொலையாது. இன்று ஓடாத கேமும் காத்திருந்தால் ஓடும்.

தேன்மிட்டாய்

மாமா, "எதுவும் தொலையாது" என்பதை ஏற்க முடியவில்லை. எனக்குத் தொலைந்தது.

லேப்டாப்பில் விண்டோஸும் ஃபெடோரா லினக்ஸும் சேர்ந்து இருந்தன. கேம்கள் பெரியவை, இரண்டு தடவை இறக்க இடமில்லை. அதனால் விண்டோஸின் டி டிரைவையே இரண்டுக்கும் பொதுவாக வைத்தேன். இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. காலேஜ் புராஜெக்ட்டுக்காக ஒரு நாள் விண்டோஸைத் திறந்தேன். கருப்புத் திரையில் டிஸ்க்கைச் சரிபார்க்கிறேன் என்று எழுத்து வந்தது. பதினொன்று சதவீதம், பன்னிரண்டு சதவீதம். நல்லதுதானே செய்கிறது என்று டீ போடப் போய்விட்டேன்.

புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு பொய் சி டிரைவை உருவாக்கும். அதற்குள் சி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் முக்காற்புள்ளி வைத்து ஒரு இணைப்பு, இசட்டுக்கும் அப்படியே ஒன்று. கோப்பின் பெயரில் முக்காற்புள்ளி இருப்பதை லினக்ஸ் ஏற்கும், விண்டோஸ் ஏற்காது. பழுது என்று நினைத்து அதைத் துடைத்துவிட்டது. திரும்ப ஃபெடோராவுக்கு வந்தால் கேம் திறக்கவில்லை. பதற்றத்தில் காம்பட்டேட்டா கோப்புறையை நானே அழித்து, புதிதாக உருவாகட்டும் என்று விட்டேன். சேவ் கோப்புகள் அதற்குள் ஸ்டீம்யூசர் என்ற கோப்புறையில்தான் இருந்தன. கிளவுட் சேவ் இல்லாத பழைய கேம்.

அழித்தது என் கைதான், தெரியும். அந்த டெலிட் விசையை அமுக்கிய நொடி இன்னும் விரலில் இருக்கிறது. பொது டிரைவ் வைத்தே ஆகவேண்டும் என்பவர்கள் காம்பட்டேட்டாவை மட்டுமாவது லினக்ஸ் பக்கம் வைத்து, அங்கே போக ஒரு சிம்லிங்க் (இணைப்பு) கொடுங்கள்.

சுழல்நாற்காலி

"காத்திருந்தால் ஓடும்" என்பதும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது மாமா. எனக்கு ஓடிக்கொண்டிருந்ததே நின்றது.

2021 செப்டம்பரில் கேமில் ஏமாற்றுபவர்களைத் தடுக்கும் மென்பொருள்களான ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் புரோட்டானுக்கு வழி திறந்தன. திறந்துவிடுவதா வேண்டாமா என்பது கேம் தயாரிப்பவர் கையில். நான் ஆடிய கேமில் திறந்தார்கள். சிங்கப்பூரில் இருக்கும் அக்கா பையனோடு சனிக்கிழமைதோறும் ஆடுவேன். அவனுக்கு அப்போது பதினான்கு வயது, என்னோடு வேறு எதற்கும் பேசமாட்டான், கேமில் மட்டும் வாய் ஓயாது. ஒரு நாள் அறிவிப்பு வந்தது: இனி லினக்ஸ் இல்லை. என்னிடம் ஒரு பழுதும் இல்லை, டிரைவர் சரி, கெர்னல் சரி, லாகும் சரி. எந்த லாகை எடுத்து யாரிடம் காட்டுவது?

"மாமா, விண்டோஸ் போடுங்களேன்" என்றான். வேலைக்கும் அதே மெஷின், மாற்ற மனம் வரவில்லை. "பார்க்கிறேன்டா" என்றேன். அந்தப் பதிலைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பெங்குவின்_மாமா

சுழல்நாற்காலி, அது லினக்ஸின் குறை இல்லை, அவர்கள் எடுத்த முடிவு. ஆனால் நீங்கள் சொல்வது புரிகிறது. தேன்மிட்டாய், முக்காற்புள்ளி விஷயத்தை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். விட்டது என் தவறு.

கரும்பலகை

என்னுடையது புரோட்டானுக்கு முந்திய கதை. அரசு கொடுத்த லேப்டாப், ப்ளஸ் டூவில் வந்தது. அதில் விண்டோஸும் இருந்தது, மத்திய அரசு நிறுவனமான சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பென்டிரைவ் வைரஸில் விண்டோஸ் பக்கம் படுத்துவிட்டது, பாஸ் மட்டும்தான். ஊரில் நெட் கிடையாது. சூப்பர் டக்ஸ் கார்ட் என்ற ரேஸ் கேம் வேண்டும் என்றால் பிரவுசிங் சென்டருக்கு சைக்கிளில் போய், நிறுவுவதற்கான டெப் கோப்பை இறக்கி வரவேண்டும். வந்து போட்டால் "இன்னொன்று வேண்டும்" என்று கேட்கும். திரும்பச் சைக்கிள். அதைப் போட்டால் அதற்கு இன்னொன்று. நாலு நடை ஆனது எனக்கு.

நானும் பக்கத்து வீட்டு நண்பனும் ஒரே கீபோர்டில் ஆடுவோம். திரை இரண்டாகப் பிரியும். நான் அம்பு விசைகள், அவன் இடப்பக்க எழுத்துகள். தோள் ஒட்டித்தான் உட்கார முடியும். கடைசி வளைவில் அவன் வேகம் கூட்டும் நைட்ரோ அடிப்பான், ஏறாது. அடித்து அடித்துப் பார்ப்பான், வண்டி அப்படியே போகும். நான் முந்திவிடுவேன். ஒவ்வொரு முறையும். "நீ ஏதோ பண்ற" என்பான். நான் சத்தியம் செய்வேன்.

மலிவு கீபோர்டில் மூன்று நாலு விசைகளைச் சேர்த்து அமுக்கினால் சில சேர்க்கைகளில் ஒன்று பதிவாகாது. இது எனக்குத் தெரிந்தது வேலைக்கு வந்தபின். நான் முடுக்கையும் திருப்பத்தையும் சேர்த்துப் பிடித்திருந்ததால் அவன் விசைதான் விழாமல் போயிருக்கிறது. அவன் சொன்னது உண்மைதான், நான் ஏதோ பண்ணிக்கொண்டுதான் இருந்தேன். போன பொங்கலுக்கு ஊரில் பார்த்தபோது சொல்ல நினைத்தேன். அவன் குழந்தைகளோடு இருந்தான், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

காவிரிக்கரை, நான் இப்போது விண்டோஸ்தான். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸும் இருக்கிறது, ஆட்டம் சுமார்தான். உங்கள் மெஷினைச் சோதிக்க எதிரில் ஒரு விண்டோஸ் ஆள் வேண்டும், அவ்வளவுதானே? ஒரு ராத்திரி சொல்லுங்கள், வருகிறேன்.

காவிரிக்கரை77

மாமா, கோப்பின் அளவைப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது.

கரும்பலகை, நன்றி. சனிக்கிழமை ராத்திரி பத்து மணி. கடல் வரைபடமே வைக்கிறேன், கப்பல் நிறைய ஓடினால்தான் தெரியும். லாபிக் கடவுச்சொல்லைத் தனியாக அனுப்புகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள், சீக்கிரம் தோற்கவும் வேண்டாம், தோற்கடிக்கவும் வேண்டாம். ஐம்பது நிமிடம் தாண்ட வேண்டும்.