ஸ்பிதியில் ஒரு சிறிய கோம்பா: அம்மாவுடன் போகலாமா?

கேள்வி

செப்டம்பரில் அம்மாவை இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அவருக்கு 63 வயது; முழங்கால் வலியைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. அங்குள்ள காசா ஊரில் தங்கிக் கீ, தாபோ மடாலயங்கள் என்று ஓடி ஓடிப் பார்க்கும் பயணத் திட்டங்கள்தான் எங்கும் கிடைக்கின்றன. அம்மா கேட்பது வேறு. கூட்டமில்லாத கிராமத்தில், ஒரு சிறிய பௌத்த மடாலயத்தின் (கோம்பா) அருகே சில நாட்கள் இருக்க வேண்டும்; காலை வழிபாட்டில் ஓரமாக உட்கார வேண்டும். அப்படி ஓர் இடம் உண்டா? நாங்கள் பௌத்தர்கள் அல்லர், உள்ளே விடுவார்களா? அந்த உயரம் அவருக்கு ஒத்துக்கொள்ளுமா?

முதல் பதில்

தாராளமாக விடுவார்கள், மதம் கேட்க மாட்டார்கள். இந்தியர்களுக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை. அடையாள அட்டை போதும். நேரம் குறைவென்றால் மணாலியிலிருந்து குன்சும் கணவாய் வழியாகக் காசா போய்விடலாம். கீ கோம்பாவை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் பதில்

மணாலி வழி வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். குன்சும் 4,500 மீட்டருக்கும் மேல். சமவெளியிலிருந்து வருபவரை ஓரிரு நாளில் அந்த உயரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் தலைவலியும் குமட்டலும் பயணத்தையே விழுங்கிவிடும். சிம்லா, ராம்பூர், கல்பா என்று சட்லெஜ் ஓரமாகவே ஏறுங்கள். கல்பாவில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். கல்பாவுக்கு அருகிலுள்ள ரெக்காங் பியோவிலிருந்து காசாவுக்கு அரசு பஸ் உண்டு. முழங்கால் வலியோடு நெடுநேரம் பஸ்ஸில் உட்காருவது கடினம், கார் நல்லது. உயர நோய்க்கான மாத்திரை பற்றி முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். அது எல்லோருக்கும் ஏற்றதல்ல.

காலை வழிபாட்டுக்குத் தாபோ. அது ஏறத்தாழ 3,300 மீட்டர்தான், அதனால் உடம்பும் பழகும். 996இல் நிறுவப்பட்ட பழைய கோயில்கள் மண் மதிலுக்குள் இருக்கின்றன. துறவிகள் காலையில் கூடுவது புதிய மண்டபத்தில். சுவரோரமாக உட்காரலாம். துறவிகளின் மெத்தை வரிசையில் உட்காரக் கூடாது. புத்தர் சிலையை நோக்கிக் கால் நீட்டவும் கூடாது. அம்மாவால் தரையில் உட்கார முடியாதென்றால் உள்ளே போகும்முன் ஒரு துறவியிடம் சொல்லிவிடுங்கள்.

ஆனால் அம்மா தேடும் கிராமம் லாலுங் என்றே நினைக்கிறேன். லிங்தி பள்ளத்தாக்கின் மேல் இருக்கிறது. வெள்ளையடித்த மண் வீடுகள், பட்டாணியும் பார்லியும் விளையும் வயல்கள், மேலே கோம்பா. அதன் பழைய கோயிலைச் செர்காங் என்பார்கள். வடமொழி நூல்களைத் திபெத்திய மொழிக்குக் கொண்டுவந்த ரின்சென் சாங்போ கட்டியது என்று ஊர் மரபு. பெரிய மடங்களைப் போல எந்நேரமும் திறந்திருக்காது. சாவி வைத்திருப்பவர் வர வேண்டும். அவர் வயலில் இருந்தால் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை யாரும் குறைசொல்லக் கூடாது, ஏனென்றால் அது காட்சிசாலை அல்ல, அவர்கள் கும்பிடும் இடம்.

கதவு திறந்து உள்ளே போனதும் முதலில் ஒன்றும் தெரியாது. டார்ச்சை அடிக்காமல் நில்லுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரிலிருந்து ஒரு தோள், ஒரு கை, ஒரு முகம் என்று சுதை உருவங்கள் வெளிவரும். சுவர் முழுக்கத் தெய்வங்கள், வண்ணம் இன்னும் அழியாமல். ஸ்பிதியில் எனக்கு மிகப் பிடித்த அறை அதுதான். கீயின் கம்பீரம்கூட எனக்கு அதற்குப் பிறகுதான். அத்தனையும் களிமண். மழை அரிதான நாடு என்பதால்தான் இத்தனை நூற்றாண்டு நிலைத்திருக்கிறது. சுவரில் கை வைக்காதீர்கள், சாய்ந்து நிற்காதீர்கள். படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் கேமராவைத் தொடுங்கள். தாபோவின் பழைய கோயில்களுக்குள் படமெடுக்க அனுமதியே இல்லை.

லாலுங் தாபோவைவிட முந்நூறு, நானூறு மீட்டர் உயரம். தாபோவில் அம்மாவுக்குத் தூக்கமும் பசியும் சரியாக இருந்தால் மட்டும் மேலே போங்கள். ஊரில் வீடுகளிலேயே தங்க இடம் தருவார்கள். கழிப்பறை எப்படிப்பட்டது என்று முன்கூட்டியே விசாரியுங்கள். பல வீடுகளில் குந்தி உட்காரும் உலர் கழிப்பறைதான் இருக்கும், முழங்கால் வலிக்கு அது பெரிய விஷயம்.

மூன்றாம் பதில்

மேலே சொன்னவரோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஒன்று சேர்க்கிறேன்: கோம்பாவையோ ஸ்தூபியையோ மந்திரம் செதுக்கிய கற்களாலான மணிக் கல் சுவரையோ கடக்கும்போது அது உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி நடங்கள். ஜூலை, ஆகஸ்டில் கல்பா இருக்கும் கின்னௌர் மாவட்டச் சாலையில் மண்சரிவு அதிகம். செப்டம்பர் நல்ல தேர்வு. ஆனாலும் திரும்பும் ரயில் டிக்கெட்டுக்கு முன் ஓரிரு நாளைக் காலியாக விடுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. சிம்லா வழியே போகிறோம். அம்மா ஒன்று கேட்கச் சொன்னார்: கோம்பாவில் அவர் விளக்கேற்றலாமா?

இரண்டாம் பதில் எழுதியவர்

ஏற்றலாம். ஆனால் பழைய கோயிலுக்குள் நீங்களாக ஏற்றாதீர்கள், புகைக்கரி ஓவியங்களின்மேல் படியும். பல கோம்பாக்களில் வெண்ணெய் விளக்குக்கென்று தனி அறையோ கண்ணாடிக் கூண்டோ வைத்திருக்கிறார்கள். லாமாவிடம் கேட்டால் இடத்தைக் காட்டுவார். அதற்கான காணிக்கையை உண்டியலில் போட்டுவிடுங்கள்.