சிங்கப்பூர்: வேலையில் கை அடிபட்டது, ஆபரேஷனுக்கு கம்பெனி கேரண்டி லெட்டர் தர மறுக்கிறது. என்ன வழி?

கேள்வி (துவாஸ்_ஃபிட்டர்): ரூம்மேட்டுக்காகக் கேட்கிறேன், ஒர்க் பெர்மிட்டில் இருக்கிறார். போன வாரம் கிரைண்டர் டிஸ்க் உடைந்து இடது உள்ளங்கையில் வெட்டு. சுட்டுவிரல் மடங்கவில்லை. கம்பெனி கிளினிக்கில் தையல், 2 நாள் எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு), பிறகு லைட் டியூட்டி. அரசு மருத்துவமனையில் தசைநாண் அறுந்திருக்கிறது, ஆபரேஷன் வேண்டும் என்கிறார்கள். அதற்கு கம்பெனி கேரண்டி லெட்டர் (பில்லைக் கட்டுவோம் என்ற உறுதிக் கடிதம்) வேண்டுமாம். கம்பெனியோ, "எம்சி 3 நாளைத் தாண்டினால்தான் எம்ஓஎம் (மனிதவள அமைச்சு) கேஸ். பில்லைச் சம்பளத்தில் பிடிப்போம். எம்சிக்கு பேசிக் மட்டும்தான்" என்கிறது.

பதில் 1 (சேஃப்டி_கோஆர்டினேட்டர்): மூன்றுமே தவறு. 3 நாள் கணக்கு பழைய விதி. 2020 செப்டம்பர் 1 முதல், வேலை விபத்துக்கு ஒரு நாள் எம்சியோ லைட் டியூட்டியோ கொடுத்தாலே முதலாளி 10 நாளுக்குள் எம்ஓஎம்முக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும்.

விபத்து யார் தவறால் நடந்தாலும் மருத்துவச் செலவு முதலாளியுடையது. வரம்பு, விபத்து நடந்த நாளிலிருந்து ஓர் ஆண்டு அல்லது 53,000 வெள்ளி, எது முதலில் வருகிறதோ அது (2025 நவம்பர் 1-க்கு முந்தைய விபத்தென்றால் 45,000). ஆபரேஷன், மருந்து, பிசியோதெரபி எல்லாம் இதில் அடக்கம். ஒர்க் பெர்மிட்காரருக்கு வரம்பு தாண்டினாலும் சிகிச்சைப் பொறுப்பு முதலாளியை விட்டுப் போகாது. சம்பளத்தில் 10% வரை பிடிக்கலாம் என்று கான்ட்ராக்டில் இருந்தால், அது வேலைக்குச் சம்பந்தமில்லாத நோய்க்கு மட்டும்.

எம்சி சம்பளத்துக்கு அடிப்படை, விபத்துக்கு முந்தைய 12 மாதச் சராசரி வருமானம். ஓவர்டைமும் சேரும். பேசிக் 600, சராசரி 1,100 என்றால் 1,100-ஐ வைத்துத்தான் கணக்கு. வெளிநோயாளி எம்சிக்கும் லைட் டியூட்டிக்கும் 14 நாள், மருத்துவமனை விடுப்புக்கு 60 நாள் முழுச் சம்பளம். அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, ஓர் ஆண்டு வரை. ஆபரேஷனுக்குப் பிறகு வாங்கும் எம்சியில் எந்த வகை விடுப்பு என்று எழுதியிருக்கிறது என்று அங்கேயே பாருங்கள். பிறகு மாற்றுவது பெரிய தலைவலி.

பதில் 2 (கேஸ்_உதவி): சட்டம் ஒரு பக்கம், இவருக்கு நாள்தான் முக்கியம். அறுந்த தசைநாண் உள்ளே சுருங்கிக்கொண்டே போகும். வாரக்கணக்கில் தள்ளினால் நேரடியாகத் தைக்க முடியாமல் வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்ட வேண்டி வரலாம். அதனால் இன்றே கம்பெனிக்கு வாட்ஸாப்பில் எழுத்தாகக் கேளுங்கள்: ஆபரேஷன் தேதி, மருத்துவமனை பெயர், மதிப்பீட்டுத் தொகை, "கேரண்டி லெட்டர் தேவை". வாய்ப்பேச்சு கணக்கில் வராது. நாளைக்குள் வரவில்லையென்றால் அந்த ஸ்கிரீன்ஷாட்டோடு எம்ஓஎம்மிடமோ, வெளிநாட்டு ஊழியர் நிலையத்திடமோ போங்கள். மருத்துவமனையின் சமூக சேவை அலுவலரிடமும் சொல்லிவையுங்கள், அவர்களே கம்பெனிக்குப் போன் செய்வதுண்டு.

துவாஸ்_ஃபிட்டர்: நன்றிண்ணே. கிளினிக் சீட்டில் "ரூமில் கண்ணாடி வெட்டியது" என்று இருக்கிறது, சூப்பர்வைசர்தான் உள்ளே போய்ப் பேசினார். பெர்மிட்டை கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்றும் சொல்கிறார்கள்.

பதில் 2: அந்தச் சீட்டுதான் இந்தக் கேஸில் பெரிய ஓட்டை, தம்பி. மருத்துவமனை டாக்டரிடம் நண்பரே நேரில், விபத்து நேரம், இடம், டிஸ்க் உடைந்தது எல்லாம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லட்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். சூப்பர்வைசர் வெளியே நிற்கட்டும். உடைந்த டிஸ்க், ரத்தம் பட்ட கையுறை, அன்றைய டூல்பாக்ஸ் மீட்டிங் (வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம்) கையெழுத்துத் தாள் இவற்றின் போட்டோ, கூட நின்றவர் பெயரும் நம்பரும் எடுத்துவையுங்கள்.

பெர்மிட் கேன்சலானாலும் கேஸ் நடக்கும்போது ஸ்பெஷல் பாஸில் (தற்காலிகத் தங்கும் அனுமதி) இங்கே இருக்கலாம். அதுவரை சாப்பாடும் தங்குமிடமும் முதலாளி பொறுப்பு. இழப்பீட்டு க்ளெய்ம் போட விபத்திலிருந்து ஓர் ஆண்டு இருக்கிறது, வக்கீல் தேவையில்லை.

பதில் 1: ஒன்று விட்டுப்போச்சு. இப்போதே ஊருக்குப் போகச் சம்மதிக்க வேண்டாம். போனாலும் க்ளெய்ம் செத்துவிடாது, ஆனால் எம்சி சிங்கப்பூரில் பதிவு பெற்ற டாக்டர் தந்ததாக இருக்க வேண்டும். ஊர் டாக்டர் சீட்டை வைத்து எம்சி சம்பளம் வாங்க முடியாது.