லிம்போமா புது மருந்து: பழைய பேஷன்ட் ரெக்கார்டோட ஒப்பிட்டுச் சொல்றத நம்பலாமா?

கோட்டையூர்க்காரன்:
எங்க அப்பச்சிக்கு டிஎல்பிசிஎல் வகை லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய், மதுரைல ஆர்-சாப்ங்கிற கீமோ முடிச்சு நல்லாத்தான் இருந்தாக, இப்ப திரும்பிருச்சு. டாஃபாசிடமாப் லெனலிடோமைட் ரெண்டையும் சேத்துக் குடுக்குறதப் பத்திப் படிச்சேன், அந்த ட்ரையல்ல எதிர்க் குரூப்பே கிடையாதாம், ஆஸ்பத்திரி ரெக்கார்டுல இருந்த ஆளுகளோட ஒப்பிட்டிருக்காக. இது செல்லுமா?

லேப்_மீனா:
செல்லும், ஆனா எதோட ஒப்பிட்டாங்கன்னு பாக்கணும். ரீ-மைண்ட்ன்னு அந்த ஒப்பீட்டு ஆய்வுக்குப் பேரு. லெனலிடோமைட் மட்டும் வாங்குனவங்கள்ல வயசு, முன்னாடி எடுத்த சிகிச்சை எல்லாம் ஒத்து வர்ற 76 பேர், இந்தப் பக்கமும் 76 பேர். கட்டி சுருங்குனது 67.1 சதவீதம், அங்க 34.2. அதாவது டாஃபாசிடமாப் சேத்தா கூடுதல் பலன்னு சொல்லுது, மத்த சிகிச்சை எல்லாத்தையும் விட மேலுன்னு இந்த ஒப்பீடு சொல்லல.

தேவகோட்டை_தம்பி:
எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லீங்க. ரெக்கார்டுங்கிறது நம்ம பழைய வீட்டுப் பேரேடு மாதிரி, எழுதுனதுதான் இருக்கும், எழுதாம விட்டத எந்தக் கணக்குப்பிள்ளையும் ஒத்துப்பாக்க முடியாது. ட்ரையல்ல ஸ்கேன் தேதி தவறாது, வெளிய ஆளுக்கு முடிஞ்சப்ப எடுக்குறாங்க, அதனால நோய் திரும்புனதே லேட்டாத் தெரியும். நாள எங்கிருந்து எண்ண ஆரம்பிக்கிறாங்கன்னு ஒண்ணு இருக்கு, அதுல கொஞ்சம் பிசகுனாலும் புது மருந்து சும்மாவே நல்லாத் தெரியும்.

லேப்_மீனா:
தம்பி சொல்றது சரிதான். ஆனா வேற வழி? கீமோவுக்கு மசியாத லிம்போமா 636 பேரோட பழைய தகவலத் திரட்டி 2017ல ஸ்காலர்-1ன்னு ஒரு ஆய்வு வந்துச்சு, பாதிப் பேர் 6.3 மாசம்கூடத் தாண்டல, நோய் முழுசா மறைஞ்சது 7 சதவீதம்தான். இத வச்சுக்கிட்டு பாதிப் பேருக்கு பழசையே குடுங்கன்னு எந்த டாக்டருக்கு மனசு வரும்? இன்னொண்ணு, ட்ரையல்ல கிட்னி இதயம் எல்லாம் நல்லா இருக்குறவங்களத்தான் எடுப்பாங்க. நோயாளியோட நோய் எதிர்ப்பு செல்லையே எடுத்து மாத்தி திரும்ப ஏத்துறது கார்-டி. அமெரிக்காவுல அந்தச் சிகிச்சைக்கு வந்தவங்களப் பத்தி 2020ல வந்த ஆய்வுல 43 சதவீதம் பேர் ட்ரையலுக்கே தகுதி இல்லாதவங்க, இருந்தும் செல் ஏத்துனவங்கள்ல 82 சதவீதம் பேருக்கு பலன் இருந்துச்சு. அத ட்ரையல் மட்டும் காட்டிருக்காது. நம்ம நாட்டு கார்-டியான நெக்ஸ்கார்19க்கு 2023 அக்டோபர்லதான் அனுமதி, நம்ம ஆளுக ரெக்கார்டு இன்னும் நிறையச் சேரணும்.

கோட்டையூர்க்காரன்:
அப்பச்சிக்கு 71, சுகர் வேற. அப்ப டாக்டர்ட்ட என்ன கேக்க?

லேப்_மீனா:
"இவுக வயசுல, சுகரோட, முத தடவ திரும்புனவங்க அந்த ஒப்பீட்டுல இருந்தாங்களா"ன்னு நேராவே கேளுங்க. ஆஸ்பத்திரி மாத்துனா பெட் ஸ்கேன் சிடி, டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி பிளாக் (கட்டியில எடுத்த சதைய மெழுகுல பதிச்சு வச்சது) மூணையும் கையோட வாங்கிருங்க, பிளாக்க மட்டும் நிறைய பேரு மறந்துட்டு வந்துர்றாங்க.